வெறும் துகள்

ஜூன் 19, வியாழன்

காலை 10.52-க்குச் செய்தி வந்தது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனில், கோவை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் மைதிலி. என் மனைவி பிருந்தா சேர்ந்திருந்த ஆராய்ச்சி சிகிச்சையை நடத்துபவர் அவர்தான்.

"பூபதி, பிருந்தாவுக்கு என்ன ஏத்தினாங்கன்னு எழுதிக் கேட்டிருந்தீங்க இல்ல? இன்னைக்குத்தான் கமிட்டி சீல் வெச்ச கவரைப் பிரிச்சாங்க."

"சொல்லுங்க மேடம்."

"அவங்களுக்கு மருந்து போகல. வெறும் துகள்தான் போயிருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகப் பாதிப் பேருக்குக் குடுக்கறது. எங்க மருந்தால அவங்களுக்கு எதுவும் ஆகல. அது உங்களுக்குத் தெரியணும்னுதான் நானே கூப்பிட்டேன்."

லைனில் இருக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

"இருக்கேன் மேடம். துணி காயப் போடறேன்."

பிருந்தா இறந்து பதினாறு நாள் ஆகிறது. அன்று ஐசியூ வாசலில் இதே டாக்டரைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "உங்க மருந்துதான் அவளைக் கொன்னுச்சு" என்று கத்தினேன். இரண்டு நாள் கழித்து அதையே எழுதியும் கொடுத்தேன். அதற்குப் பதில் இது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மீதித் துணியையும் காயப்போட்டேன். அவளுடைய நைட்டி இரண்டும் அதில் இருந்தன. எதற்காகத் துவைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வேலைக்குப் போனேன். துணியில் அச்சடிக்கும் பிரிண்டருக்கான நீல மை, மூன்று பேட்ச். மூன்றிலும் துகள் அளவு சரியாக இருந்தது. லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லேபில் யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. கேன்டீனில் எனக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது வடை வைத்தார்கள்.

மதியம் உடுமலை நாச்சிமுத்து போன் செய்தார். அவர் மனைவி சுகந்திக்கும் பிருந்தாவின் நோய்தான். இருவருக்கும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் மருந்து ஏறும். துக்கம் கேட்கக் கூப்பிட்டிருப்பார். எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

அத்தை போன் செய்தார். காங்கேயத்தில் தனியாக இருக்கிறார். மாமா இறந்து ஒன்பது வருடம். பிருந்தா ஒரே பெண்.

"ஏனுங் மாப்ள, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க அத்தை."

"என்னத்த?"

"தோசைங்க."

"மாவு ஏது வீட்ல?"

"கடையில வாங்கினனுங்க."

பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார். "நான் அவளை போன மாசம் அந்த மலைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதுங் மாப்ள. வெயிலு ஆகாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாங்களே. வேண்டுதல் வேண்டுதல்னு நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன். குடை புடிச்சுட்டுத்தான் ஏறுனோம். ஆனாலும் கல்லுச் சூடு இருக்குமில்லீங்."

"அப்படியெல்லாம் இல்லைங்க அத்தை."

"நீங்க பெரிய மனசுல சொல்றீங்க. என்ற புள்ளைய நானே கொண்டுபோயி வெயில்ல வெச்சுட்டேன்."

மறுபடியும் அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பீரோவில் அவளுடைய ஆஸ்பத்திரி பைலை எடுத்தேன். கியாஸ் புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது.

ஒப்புதல் படிவம் இருபத்தொரு பக்கம். எல்லாம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில். லூபஸ் என்றால் என்ன என்று முதல் இரண்டு பக்கம். உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்கள் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குவது. மூட்டு, தோல், கடைசியில் சிறுநீரகம். அதற்குத்தான் அவள் நான்கு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை போட்டு வந்தாள். இந்தப் புதிய மருந்து அந்த அணுக்களை அழிப்பதில்லை. தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள். அவற்றின் மேல் உடம்பின் சொந்தப் புரதத்தில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துகளை விழுங்கும் அணு, இது நம் ஆள், அடிக்கக் கூடாது என்று கற்றுக்கொள்கிறது. பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். அதுவரை பழைய மாத்திரை எதையும் குறைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறது.

பதினான்காம் பக்கம். "ஒப்பீட்டுக் குழுவினருக்குப் புரதத்துண்டு ஏற்றப்படாத அதே துகள்கள் அதே அளவில் செலுத்தப்படும்."

அதே துகள்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிருந்தாவின் கையெழுத்து. பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து. அவள் படித்துக்கொண்டிருந்தபோது, "எல்லாம் எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான், நீ போடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நான்தான் பக்கங்களைப் புரட்டிவிட்டேன்.

கியாஸ் புத்தகம் கிடைக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

நாச்சிமுத்து. இரண்டு தடவை. எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மார்ச் 11, முதல் டோஸ். மருந்து பாட்டிலின் மேல் பழுப்பு உறை போட்டிருந்தார்கள். எது மருந்து, எது வெறுமனே ஒப்புக்கு என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் உறை. மருந்து ஏறுவதைக் கவனித்துக்கொள்ளும் ஜோஸ்பின் அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் உறையின் அடியை நான் தூக்கினேன்.

"மாமா, தொடாதீங்க. ஜோஸ்பின் அக்கா பார்த்தா மண்டையில கொட்டும்."

"சும்மா இரு. ரெண்டே செகண்ட்."

செல்போன் டார்ச்சை விரலால் மறைத்து, ஒரு சின்ன இடுக்கு வழியாக மட்டும் ஒளியை விட்டேன். பாட்டிலுக்குள் மெல்லிய நீலக் கோடு ஒன்று குறுக்கே தெரிந்தது. மையில் தினமும் நான் பார்க்கிற கோடு. கண்ணுக்குத் தெரியாத துகள் மிதந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். வெறும் உப்புத்தண்ணீராக இருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது.

"என்னத்தக் கண்டுபுடிச்சீங்க லேப்காரரே?"

"உனக்கு அசல் மருந்துதான்."

"நெசமாவா? எப்படிச் சொல்றீங்க?"

"தினம் எட்டு மணி நேரம் இதைத்தான பண்றேன்."

அவள் சிரித்தாள். "அப்ப என் ரத்தத்தையும் பிரிண்டர்ல ஊத்திப் பாத்துருங்க. நல்ல கலரு வரும்."

ஒப்புக்குக் கொடுப்பது உப்புத்தண்ணீராகத்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு மை பேட்சை நிறமேறாத அடிக்கரைசலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

அதற்குப் பிறகு பிருந்தா மாத்திரையை நிறுத்தினாள். ஏப்ரல் 28.

ஜூன் 25, புதன்

பால்காரருக்கு அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். சரிங்க என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

நாச்சிமுத்து மறுபடி.

ஜூன் 26, வியாழன்

அரை நாள் லீவு. கோவை. பிருந்தாவிடம் கொடுத்திருந்த மாத்திரைப் பெட்டி, காலி அட்டைகள், தினமும் மாத்திரை போட்டதற்கு டிக் அடிக்கும் கார்டு, எல்லாவற்றையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று ஜோஸ்பின் அக்கா கூப்பிட்டிருந்தார்.

"என்ன தம்பி, பாதியாயிட்டீங்க. உக்காருங்க. காபி சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டார். காலி அட்டைகளை எண்ணினார். கார்டைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்கூட விடல பாருங்க. மத்ததுங்கெல்லாம் வர்ற வழியில பஸ்ல உக்காந்து மொத்தமா டிக் அடிச்சுட்டு வரும். பார்த்தாலே தெரிஞ்சுரும், ஒரே பேனா, ஒரே அழுத்தம். இவ கார்டைத்தான் எல்லாருக்கும் காட்டுவேன், பாத்துக் கத்துக்கங்கடின்னு. ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் பென்சில்."

"ஆமாங்க்கா."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டும் நோய் முத்திருச்சுன்னு எழுதி அனுப்பறோம். வெறும் துகள் போனவங்க பக்கம் ஒரு சாவுன்னு ஏறும்." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் சாவு ஏறினா, இந்தப் பக்கம் மருந்து நல்லதுன்னுதான ஆகும்? அவ போனதுலயும் நாலு பேருக்கு நன்மை இருக்குன்னு நினைச்சுக்கங்க தம்பி."

காபி வந்தது. முழுவதும் குடித்தேன்.

கார்டை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுத்தார். பஸ்ஸில் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

டிக் அடித்தது நான்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, ஏழு நாளுக்கும் சேர்த்து. மூன்று பேனா, ஒரு பென்சில். ஒரு டிக்கை நின்றுகொண்டு, ஒன்றை மடியில் வைத்து. ஆடிட் வரும்போது விட்டுப்போன ரீடிங்கை நிரப்புவதற்கு லேபில் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. வெளியே போய் நின்றுகொள்வாள்.

24-ஆம் தேதி, பிருந்தா மாத்திரையை நிறுத்தினாள் என்று எழுதியிருக்கிறேன். நிறுத்தச் சொன்னேன். அப்படி எழுதியிருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு அவள் முகத்தை உப்ப வைத்திருந்தது. கல்யாணத்தில் எடுத்த போட்டோவை யாராவது பார்த்தால், இது யாரு, அக்காவா தங்கச்சியா என்று கேட்பார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏப்ரலில் என் சித்தப்பா மகன் கல்யாணத்தில், குடும்பமாகப் போட்டோ எடுக்கும்போது, அவளைக் கொஞ்சம் பின்வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றாள். அடுத்த வாரம்தான் மாத்திரை பேச்சை எடுத்தேன்.

"ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட கேட்டுக்கலாமே மாமா."

"கேட்டா, பாட்டிலைத் தொறந்து பார்த்தியான்னு வெளிய அனுப்பிருவாங்க. மருந்தும் போயிரும். உள்ள அசல் மருந்து வேலை செய்யறப்ப இந்தப் பழைய விஷம் எதுக்கு?"

மே மாதம் முகம் வற்றியது. கன்னத்தில் பழைய எலும்பு தெரிந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள். பசி இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொன்னாள். வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஜூன் 1 காய்ச்சல். ஜூன் 3 காலை 5.20.

வருடக்கணக்காக வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துவிடுமாம். திடீரென்று நிறுத்தினால், சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. இதுவும் படிவத்தில் இருக்கிறது. ஒன்பதாம் பக்கம்.

நாச்சிமுத்து இன்றும் கூப்பிட்டார்.

ஜூன் 28, சனி

வீடு பெருக்கினேன். நாச்சிமுத்து. எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

நேற்று மாலை 6.40-க்கு நாச்சிமுத்து கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை என்றதும் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்று காலை 8.05-க்குத்தான் கேட்டேன். பல் தேய்த்துக்கொண்டு.

"அண்ணா, நாச்சிமுத்துங். துக்கத்துல இருக்கறவரத் தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங். நீங்க சொன்ன மாதிரியே சுகந்தி மாத்திரையக் கொஞ்சங் கொஞ்சமா கொறச்சு, இந்த மாசம் பதினஞ்சாந் தேதியோட நிறுத்திட்டாளுங். மூணு நாளா சோறு தங்கமாட்டீங்குது, வாந்தியா எடுக்கறா. இன்னைக்குக் காய்ச்சலு வேற. ஆஸ்பத்திரியில கேட்டா, பாட்டில் பார்த்தது தெரிஞ்சு வெளிய அனுப்பிருவாங்கன்னு நீங்க சொன்னதால அங்க கூப்பிடலீங். மருந்து உள்ள வேலை செய்யறப்ப இப்படித்தான் இருக்குமுங்களா? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுமுங்."

சுகந்தியின் பாட்டிலையும் அன்று நான்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இதை இதுவரை எழுதவில்லை.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாச்சிமுத்து, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ள நுழைஞ்சதும் வேற எதுவும் பேசாதீங்க. வருஷக்கணக்கா ஸ்டீராய்டு போட்டவ, நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சுன்னு அதை மட்டும் மொதல்ல சொல்லுங்க."

"ஏனுங்ண்ணா, என்னாச்சுங்?"

"போங்க. போய்க்கிட்டே பேசலாம்."

வாயில் பற்பசை நுரை இருந்தது. அப்படியே பேசியிருக்கிறேன்.

பஸ் பிடித்து உடுமலை போய்ச் சேர 11.30 ஆனது. நாச்சிமுத்து வார்டு வாசலில் நின்றிருந்தார். தென்னைநார் மில்லில் வேலை. சட்டையெல்லாம் நார்த்தூசி. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பி.பி. எழுபதுக்கு எறங்கிருச்சுன்னாங்ண்ணா. ஸ்டீராய்டு நிறுத்துனதச் சொன்னதும் நர்சு ஓடிப்போயி ஊசி கொண்டாந்தாங். அர மணி நேரத்துல கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேட்டா. நீங்க மட்டும் சொல்லலீன்னா நான் சாதாக் காய்ச்சல்னுதானுங் சொல்லியிருப்பேன். நீங்க தெய்வமுங்."

கையை விடுவித்துக்கொண்டேன்.

"நான் சொன்னது தப்பு நாச்சிமுத்து."

"எதுங்?"

"டார்ச் அடிச்சுப் பார்த்தது. மருந்து இல்லாத பாட்டில்லயும் அதே துகள்தான் இருக்கு. அதுலயும் கோடு தெரியும். பிருந்தாவுக்கு மருந்தே போகல. மாத்திரை நிறுத்தினதால செத்துட்டா."

அவர் என்னைப் பார்க்காமல் வார்டுக் கதவைப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்ண்ணா இது?"

"பத்தொம்பதாந் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "பதினொரு நாளுங்."

"ஆமா."

"நான் எத்தனை தடவ கூப்பிட்டேன்?"

"ஆறு."

"ஏழுங்" என்றார். சத்தம் போடவில்லை. டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு டீயோடு திரும்பி வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, தானே குடித்தார். பாதி குடித்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எங்க ஊர்ப் பக்கமிருந்து அங்க மருந்து ஏத்த வர்ற ரெண்டு பேர்த்துக்கு இந்த டார்ச்சு வித்தையச் சொல்லியிருக்கேனுங். அதுக்கு என்ன பண்றது?"

இரண்டு பேரின் நம்பரையும் வாங்கி, அங்கேயே நின்று கூப்பிட்டேன். ஒருவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். மற்றவர் தொடவில்லை. "நான் அதையெல்லாம் நம்பலீங்க" என்றார் அந்த அம்மா.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் மைதிலியின் அறை. காலை 9.10. எல்லாவற்றையும் சொன்னேன். உறை, டார்ச், கழிப்பறை, மூன்று பேனா, சுகந்தி. சொல்லி முடிக்க ஆறு நிமிடம்தான் ஆனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜோஸ்பின் அக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே வெளியே போய்விட்டார்.

"அந்த ரெண்டு பேர் நம்பர்?" என்றார் டாக்டர்.

கொடுத்தேன்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"நாச்சிமுத்து வேற யாருக்கும் சொல்லலைன்னாருங்க."

"எல்லாரையும் நாங்க இன்னைக்கே கூப்பிடறோம். முப்பத்தோரு பேர்." பேனாவை மூடி வைத்தார். "உங்க மேல கோபப்பட எனக்கு இப்ப நேரமில்ல பூபதி. அப்புறம் வரும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த மருந்து நல்லதா கெட்டதான்னு இந்த ஆஸ்பத்திரியிலருந்து இனி யாரும் சொல்ல முடியாது. யார் மாத்திரை போட்டாங்க, யார் போடலைன்னு எந்தக் கார்டை நான் நம்பறது?"

"சுகந்தி?"

"பொழைச்சுக்குவாங்க. ஆனா ஆராய்ச்சியில இனி இல்ல. அவங்களுக்கு மருந்து போச்சா, வெறும் துகள் போச்சான்னு எனக்கே தெரியாது. அசல் மருந்தே போயிட்டு இருந்திருக்கலாம்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன், ஒரு தடவை முழுக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

எழுந்தபோது கேட்டார். "அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லைங்க."

"யார் சொல்லப் போறா? எங்க கடிதம் அடுத்த வாரம் அவங்களுக்கும் போகும்."

ஜூலை 2, புதன்

அத்தையிடம் போகவில்லை. மழை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். தூறல்தான்.

ஜூலை 3, வியாழன்

காங்கேயம். சொல்லாமல் போய் நின்றதும் அத்தை பதறிவிட்டார்.

"ஏனுங் மாப்ள, ஒரு போனு பண்ணியிருந்தா கோழி அடிச்சிருப்பேன்ல. பருப்புத்தான் இருக்குது. மூஞ்சி கழுவிட்டு வாங்க."

தட்டு வைத்துப் பருப்பும் நெய்யும் ஊற்றினார். எதிரே உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் மறுபடி மலையைப் பற்றி ஆரம்பித்தார்.

"நேத்து அந்தக் குடையத் தூக்கிப் போட்டுட்டனுங் மாப்ள. பார்க்கப் பார்க்க ஆகலீங்."

"அத்தை, மலைக்குப் போனதால இல்லைங்க."

"அதான் தெனமும் சொல்றீங்களே. எனக்காகச் சொல்றீங்க."

"இல்லைங்க. காரணம் வேறைங்க. நான்தானுங்க."

சொன்னேன். டாக்டரிடம் சொன்னதைவிட மெதுவாக. துகள், கோடு என்பதெல்லாம் அவருக்கு எப்படி விளங்கியது என்று தெரியவில்லை. மாத்திரை என்றதும் முகத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப வெயில்னால இல்லீங்களா?"

"இல்லைங்க அத்தை."

"நான் கூட்டிட்டுப் போனதால இல்லீங்?"

"இல்லைங்க."

கண்ணை மூடினார். ஒரு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ அவர் தோளிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். மூச்சை நீளமாக விட்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"இத்தனை நாளா நான் சொல்லச் சொல்ல, கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமாங்க."

"தெனமும் கூப்பிட்டு அழுதேன்."

"ஆமாங்க அத்தை."

எழுந்து வந்து என் முன்னாலிருந்த தட்டை எடுத்தார். நான்கு வாய்தான் சாப்பிட்டிருந்தேன். பின்பக்கம் போய்ச் சோற்றைக் கொட்டும் சத்தம் கேட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நிலைப்படியில் நின்றார்.

"திருப்பூர் வண்டி ரெண்டரைக்கு இருக்குதுங். கெளம்புங்க."

மாப்ள என்று சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. காலையில் மேனேஜருக்கு எழுதி அனுப்பினேன். லாக் புக்கில் இரண்டு வருடத்தில் நான் சேர்த்து நிரப்பிய ரீடிங் எதெது என்று நினைவில் இருந்த வரைக்கும் அதில் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

7.05. அத்தை போன்.

"நான் கேக்கறதுக்கு நெசத்தச் சொல்லோணும்."

"சொல்றனுங்க."

"எந்தத் தேதியில நிறுத்துனா?"

"ஏப்ரல் இருபத்தெட்டுங்க."

"அப்ப எங்கூட மலைக்கு வந்தப்ப, மாத்திரை இல்லாமத்தான் அத்தன படியும் ஏறுனாளா?"

"ஆமாங்க."

வைத்துவிட்டார்.

9.30.

"நிறுத்தச் சொன்னப்ப அவ பயந்தாளா?"

"பயந்தாளுங்க. டாக்டரைக் கேக்கலாம்னா. நான்தான் வேண்டாம்னேன்."

"முகம் வாடிப்போச்சேன்னு நான் போன்ல கேட்டப்ப, இளைச்சு அழகாயிட்டா அத்தைன்னு சொன்னீங்க."

"சொன்னனுங்க."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அரிசி களைந்து வைத்தேன். குக்கர் மூன்று விசில். சாப்பிடவில்லை.

2.15. இந்த முறை குரல் மாறியிருந்தது. கோபமில்லை. அழுது முடித்த குரல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல அவ? நீங்க சொன்னீங்க, நிறுத்துனா, சரி. பெத்தவகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? வயசுக்கு வந்ததுலருந்து எங்கிட்ட அவ எதையும் மறைச்சதில்லீங். மாத்திரை போட்டியா கண்ணுன்னு தெனமும் கேட்டேன். போட்டேம்மா போட்டேம்மான்னு எங்கிட்டயே பொய் சொல்லிட்டாளே. நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு? ஏன் சொல்லலீங்?"

"தெரியலைங்க அத்தை" என்றேன்.

தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு. நான் அட்டையைக் கையில் வைத்திருந்தேன். அவள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்டயாவது சொல்லட்டுமா மாமா?"

"வேண்டாம். அத்தை உடனே டாக்டருக்குப் போன் போட்டுருவாங்க."

"அம்மாகிட்ட எனக்குப் பொய் வராது."

"ஒரு மாசம்தான். பழகிரும்."

சரி என்று தலையை ஆட்டினாள். அன்று முதல், அத்தை போனில் கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே, போட்டேம்மா என்றாள். முதல் சில நாள் சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அதுவும் இல்லை.

டாக்டருக்கு எழுதிய நான்கு பக்கத்தில் இது இல்லை. நேற்று அத்தையிடமும் இதைச் சொல்லவில்லை. இன்று கேட்டும் சொல்லவில்லை. மகள் தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்.

4.40. அத்தை கூப்பிடுகிறார்.

4.43. மறுபடி.

4.51. போனை அணைத்துவிட்டேன்.